மலைராணி விழக் கூடாது

சின்னவளின் பள்ளிக்கூடச் சப்பாத்து வாயைப் பிளந்துவிட்டது. புதியது வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொலூஷனைத் தடவி ஊதிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் மூத்தவன் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, இதப் பாருங்க. புது பின்போல் மெஷின் வந்திருக்கு."

கண்ணாடி மூடிய சாய்வான மேசை. அதற்குள் ஓர் இரும்புக் குண்டு ஓடித் திரிகிறது. முட்டுகிற இடமெல்லாம் வெளிச்சம், சத்தம். கீழே இறங்கி வந்தால் இரண்டு குட்டைக் கைகள் அடித்து மேலே அனுப்புகின்றன. தவறவிட்டால் கைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுந்துவிடும். அத்தோடு கதை முடிந்தது.

ஒரு வெள்ளைக்காரர் அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவன் எனக்கு விளங்கப்படுத்தினான். போன தடவை ஒரு படத்தின் பெயரில் வந்ததாம், இந்தத் தடவை வேறொரு படமாம். படக் கொம்பனியிடம் முறையாக லைசன்ஸ் வாங்கித்தான் செய்கிறார்களாம். பெட்டி கிட்டத்தட்ட அதே பெட்டி. சித்திரம் மாறினால் புது வெளியீடு. அதிலும் மூன்று தரம். ஆகக் குறைந்த தரத்தின் விலைக்கு நம் சந்தியில் ஒரு புதுத் த்ரீவீல் ஓட்டோ வாங்கலாம். ஆகக் கூடியதன் விலைக்கு இரண்டு வாங்கி ஒன்றை வாடகைக்கு விடலாம். கூடியதில் என்ன விசேஷம் என்று கேட்டேன். நம்பர் அடித்த தகடு ஒன்று இருக்கிறதாம். த்ரீவீலிலும் நம்பர் தகடு இருக்கிறது, மகனே. அதில் சந்தைக்கும் போய்வரலாம்.

இவற்றுக்கெல்லாம் கீழே, என்னைப் போன்ற ஏழைகளை நினைத்து, 'வீட்டு மொடல்' என்று ஒன்று. காசு போடுகிற ஓட்டை கிடையாது, பொம்மைகள் குறைவு, கால்கள் மெலிவு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பழைய த்ரீவீலின் விலையைச் சொல்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா குசினியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "காசு போடுற ஓட்டைய எடுத்துட்டு, காச மொத்தமா முதல்லயே வாங்கிர்றானுங்க."

"இதையெல்லாம் நாங்க அப்பவே செஞ்சு முடிச்சிட்டோம்" என்றேன் நான். மூத்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சையில் கணக்கை இரண்டு தடவை கோட்டைவிட்டவன் எழுதுவது. பிழை கண்டால் உங்கள் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள்.

பிள்ளைகளே, அந்தச் சொலூஷன் வாசனைதான் என் முதல் வேலையின் வாசனை. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. அங்கே பங்சர் ஒட்டுவது என் உத்தியோகம். அடுத்த கடை அலுமாரி செய்கிற பட்டறை. அங்கே வேலை செய்தவன் நிசாம். பலாப் பலகை இழைத்து இழைத்து அவன் தலைமுடி எப்போதும் மஞ்சளாக இருக்கும். கையைக் கழுவிவிட்டு ஒன்றாகச் சாப்பிடுவோம். கழுவினாலும் என் சோற்றில் சொலூஷனும் அவன் சோற்றில் பலாத்தூளும் வாசம் அடிக்கும்.

அவனுடைய உம்மாவுக்கு அவனைச் சவூதிக்கு அனுப்ப வேண்டும். கூரை ஒழுகியது, தங்கச்சிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அதற்காகக் கொழும்புக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனவன், திரும்பி வந்து பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மச்சான், ஒரு கடையில ஒரு பெட்டி ஈக்கி. உள்ளுக்கு ஒரு குண்டு ஓடுது. ஆளுக ஆபீசுக்கும் போகாம நின்னுக்கிட்டு அடிக்கிறானுங்க."

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"நெஞ்சில ஏதோ வச்சுப் பார்த்தாரு, அது கிடக்கட்டும். அந்தப் பெட்டிய நாம செய்யலாம்டா."

உம்மா ஒரு தவணை கொடுத்தார். "தேர்த் திருவிழா முடியுமட்டும் பாஸ்போர்ட் என்ட தலகாணிக்கு அடியில ஈக்கும். ஒங்கட பெட்டி சோறு போட்டா நீ இங்கயே இரி. இல்லாட்டி ஏஜன்சிக்குக் குடுத்துருவேன்."

நிசாமுக்குப் போக விருப்பமில்லை. அவன் போவதில் எனக்கு அதைவிட விருப்பமில்லை. அந்த வயதில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அதற்குப் பதிலாக நான் பிரேக் கேபிள் வெட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலகை அவன் பட்டறையில் மிஞ்சிய பலா. குண்டு, கலேவெலயிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறியின் உடைந்த பேரிங்கிலிருந்து எடுத்தது. குண்டை மேலே தள்ளும் ஸ்பிரிங் ஒரு சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்தது. குட்டைக் கைகள் இரண்டுக்கும் ட்யூப் ரப்பர் சுற்றி, பிரேக் கேபிள் பூட்டி, பெட்டிக்கு இரண்டு பக்கமும் பிரேக் பிடிகள் வைத்தோம். பிடித்தால் அடிக்கும். குண்டு முட்டுகிற இடங்களில் ஏழு சைக்கிள் மணிகள். கடையில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் சில, கொஞ்ச நாள் மணியில்லாமல் ஓடின.

எல்லாம் முடிந்ததும் நிசாம் தள்ளி நின்று பார்த்தான். "படம் ஒண்டு இல்லாட்டி இது அலுமாரிக் கதவுதான்டா."

எந்தப் படம்? நடிகரைப் போட்டால் அடுத்த நடிகரின் ஆட்கள் பெட்டியை உடைப்பார்கள். சாமியைப் போட்டு அதன்மேல் குண்டு உருட்ட முடியாது. ஆள் உருவம் வரைந்தால், மார்க்கத்துக்கு ஆகாது என்று நிசாமின் உம்மா ஏசுவார். கடைசியில், யாருக்கும் கோபம் வராது என்று நினைத்து, ஒரு பஸ்ஸைப் போட்டோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு ஓடுகிற 'மலைராணி'. வளைந்து வளைந்து பாதை, வளைவுக்கு ஒரு மணி, குண்டுதான் பஸ். கீழே இருக்கிற ஓட்டை, மலைச்சரிவின் பள்ளம்.

பெட்டியைக் கோயில் வீதியில் வைத்தோம். திருவிழாவின் முதல் பின்னேரமே கூட்டம். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஐஸ்கிரீமை உருகவிட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். குண்டு விழும்போதெல்லாம் ஒரே சத்தம். "மலைராணி விழுந்துருச்சு! மலைராணி விழுந்துருச்சு!" நிசாம் என் தோளைப் பிடித்து அழுத்தினான். உம்மாவின் தலகாணி அவன் கண்முன் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ராமையா முதலாளி வந்தார். மலைராணியின் சொந்தக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், முகம் மட்டும் சிவப்பு.

"யாரக் கேட்டுடா எம் பஸ்ஸ வரைஞ்சீங்க?"

"பெருமைக்காகத்தாங்க மொதலாளி" என்றேன்.

"என்னடா பெருமை? பன்னெண்டு வருசமா ஓடுது, ரோட்டோரக் கானுக்குள்ளகூட எறங்கினதில்ல. நேத்து ஒரே பின்னேரத்துல நாப்பது தடவ பள்ளத்துல தள்ளியிருக்கீங்க. இதக் கேட்டுட்டு நாளைக்கு எவன்டா ஏறுவான்?"

யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னது நியாயம். நாங்கள் பஸ்ஸை அழித்துவிடுகிறோம் என்றோம். அதற்கும் விடவில்லை. தன் பஸ் சித்திரமாக வந்ததில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தார். அப்புறம் நின்றபடியே லைசன்ஸ் கொடுத்தார். பெட்டியைத் தன் பஸ் கராஜ் வாசலில் வைக்கலாம், இடத்துக்கும் பல்பு எரிக்கிற கரண்டுக்கும் காசு ஒன்றும் வேண்டாம். நிபந்தனை இரண்டு. தன் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். மலைராணி விழக் கூடாது.

"விழாம எப்பிடி மொதலாளி வெளையாடுறது?" என்று கேட்டான் நிசாம்.

"என் ட்ரைவர் விழாமத்தானே தம்பி ஓட்டுறான்?"

நாங்கள் செய்த முட்டாள்தனத்தை இப்போது சொல்கிறேன். கராஜ் வாசல் பஸ் நிலையத்தைப் பார்த்த இடம். அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. அந்த ஆசையில் நிசாம் வட்டமாக ஒரு பலாத்துண்டு அறுத்து, பள்ளத்தில் அடித்து இறுக்கினான். நான் இடுக்குகளில் மக்கு தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். முதலாளியின் பெயரையும் எழுதினேன், பஸ்ஸைவிடப் பெரிதாக.

அன்று முதல் ஆளாகக் காசு போட்டவர் ஒரு வெங்காய வியாபாரி. அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். குண்டு விழவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அவருடைய மனைவி வந்து, "வீட்டுக்கு வாறீங்களா, இல்ல பாயத் தலகாணியக் கொண்டாந்து இங்கயே போடவா?" என்று கேட்ட பிறகுதான் பிடியை விட்டார்.

மறுநாள் நான் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொண்டக்டர் ஆனேன். கொஞ்ச நேரம் ஆடவிட்டு விசில் அடிப்பேன்.

"இறங்குங்கண்ணே, பஸ் ஹோல்ட் வந்துருச்சு."

"அடுத்த ஹோல்ட்ல இறங்குறேன் தம்பி."

நம் ஆட்களுக்குப் பஸ்ஸில் பழகிய பழக்கம். சண்டை பிடித்தார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் தன் மாமனார் பொலிஸில் இருப்பதாகச் சொன்னார். சண்டை இருந்த மட்டும் பரவாயில்லை. மூன்றாம் நாள் சண்டையும் இல்லை. தோட்டத்துக் கங்காணி ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விழாத குண்டப் பார்க்க எதுக்குய்யா காசு? எங்க வீட்டு அம்மிக்கல்லுந்தான் விழாது." கூட்டம் சிரித்துக்கொண்டு வளையம் எறிகிற கடைப் பக்கம் போனது. அங்கே எல்லாரும் தோற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம்.

பலாத்துண்டைப் பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதலாளி ஒவ்வொரு பின்னேரமும் கதிரை போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தன் பஸ் விழாததைப் பார்த்துக்கொண்டு.

தேர் அன்று ஊர் முழுக்கத் தேருக்குப் பின்னால் போய்விட்டது. பெட்டியடியில் மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வீட்டுக்குன்னு சின்னதா ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

நிசாம் நிமிர்ந்தான். ஒன்று விற்றால் நாலு விற்கும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. "செய்யலாம் மொதலாளி. அதுலயும் மலைராணியத்தானே போடணும்?"

முதலாளி குரலைத் தணித்தார். "இல்ல. நம்ம ரோட்டுல எனக்குப் போட்டியா ஓடுதே அந்தப் பச்ச பஸ்ஸு, அதப் போடு. பள்ளம் வேணும். கொஞ்சம் அகலமாவே இருக்கட்டும்."

"அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாங்களா?" என்றேன் நான்.

"வீட்டுக்குள்ள வச்சு ஆடுறதுக்கு எவனடா கேக்கணும்?"

விலைப் பேச்சு வந்தது. காசு போடும் ஓட்டை வேண்டாம், கால் வேண்டாம், மணி மூன்று போதும் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். இன்றைய கொம்பனிக்காரர்கள் இதே வழியில்தான் வீட்டு மொடல் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் விலையில் முதலாளி அளவுக்குக் கழிப்பதில்லை. அவர் சொன்ன தொகையில் பெயின்ட்கூட வாங்க முடியாது. நிசாம் குண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் உம்மா பாஸ்போர்ட்டை ஏஜன்சிக்குக் கொடுத்தார்.

வேறு யாரும் வீட்டு மொடல் கேட்கவில்லை. விசா வந்த கிழமைதான் நிசாம் முதலாளியிடம் போனான். "காசு வேணாம் மொதலாளி. ஒரு ட்ரிப் தாங்க. எங்க வீட்டாளுகளையும் ஏத்திக்கிட்டு எயார்போட்டுக்கு." முதலாளி உடனே சம்மதித்தார். போகிறவன், நாலு நாள் பட்டறையில் நின்று, பச்சை பஸ்ஸும் அகலமான பள்ளமுமாக அந்தப் பெட்டியைச் செய்து முடித்தான். அவ்வளவு சுத்தமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை.

மலைராணியில் உம்மா, தங்கச்சி, சொந்தக்காரர் எல்லாரும் ஏறினார்கள். நானும் நிசாமும் கடைசி சீட்டில். இறக்கத்து வளைவுகளில் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத மச்சான், விழாது" என்றான். "லைசன்ஸ் ஈக்கி."

இப்போது கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. ராமையா முதலாளி இல்லை. மலைராணியை இரும்புக்கு விற்றார்கள். கடைசிவரை அது விழவில்லை. நிசாமின் தங்கச்சி கலியாணம் முடித்துப் போன பிறகு உம்மா கண்ணை மூடினார், வீடு கைமாறியது. எங்கள் பெட்டியின் பலகையைப் பட்டறைக்காரர் அலுமாரிக்குப் பின்பலகையாக அடித்துவிட்டார். அந்த அலுமாரியை அவரிடம் கெஞ்சி வாங்கியவன் நான். உங்கள் யூனிபோர்ம் தொங்கிய அலுமாரிதான். பின்னால் தேத்தண்ணிக் கோப்பை அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கும், சின்னவள் அதை நிலா என்பாள். போன வருஷம், மரத்தூள் பலகையில் செய்த புதியது வந்ததும், பழையதைக் கொடுத்துவிடவா என்று உங்கள் அம்மா கேட்டாள். டீ.வி. பார்த்துக்கொண்டே தலையாட்டியவனும் நான்தான்.

நிசாம் இரண்டு தடவை ஊருக்கு வந்தான், பிறகு வரவில்லை. அவன் எழுதிய முதல் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பெரிய கடையில் உண்மையான மெஷின் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை போய் ஆடினானாம்.

'மூன்று குண்டு தந்தார்கள் மச்சான், மூன்றும் பள்ளத்தில் போய்விட்டன. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?'