இருபத்திரண்டு குச்சி

கழித்தல் கணக்கென்றாலே எனக்குப் பயம். அதிலும் ஒன்றுகள் இடத்தில் மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சித்தி அங்கேயே மாலையில் ட்யூஷன் எடுத்தாள். விளக்குமாற்றுக் குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து வாசலில் வைத்திருப்பாள். உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையும், நானும் என் தம்பியும்கூட, ஒரு குச்சியை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் மாட்டிக் கட்டாக்குவாள். எங்களுக்கு வருகைப்பதிவும் அதுதான், கணக்குப் பாடமும் அதுதான். ஒன்றுகள் போதாவிட்டால் ஒரு கட்டைப் பிரித்து, பத்து ஒன்றுகளாக்கிக் கழிக்க வேண்டும்.

அந்தக் கட்டைப் பிரிப்பதில்தான் என் பயமே. ஒருமுறை நான் பிரித்தபோது ஒரு குச்சி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. சித்தி விரல் முட்டியில் ஒன்று வைத்தாள். அது கிடைக்கிறவரை சாப்பாடும் இல்லை. "ஒண்ணு போச்சுன்னா மொத்தக் கணக்கும் போச்சு" என்றாள். அன்றிலிருந்து நான் கட்டைத் தொடுவதில்லை. முப்பத்தொன்றில் பதினெட்டைக் கழிக்கச் சொன்னால், எட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஏழு, மூன்றிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு, ஆக இருபத்தேழு என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பாடம் பாதியில் இருக்கும்போது நெடி வந்தது. எங்கள் பக்கத்தில் நாற்றம் ஒரு செய்தியே அல்ல, எந்த ஆலையின் நாற்றம் என்று மூக்கே சொல்லிவிடும். இது வேறாக இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, தொண்டை அடைத்தது. "கேஸு லீக்காயிக்கீது, எறங்குங்க" என்று கீழே யாரோ கத்தினார்கள். துண்டு, துப்பட்டா, தலையணை உறை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சித்தி வாளியில் முக்கி, முகத்தை மூடிக்கொள்ள ஆளுக்கொன்று கொடுத்தாள். இருந்தவர்களில் சின்னவன் என் தம்பி, ஐந்து வயது. அவன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்து, "வுட்றாத" என்றாள்.

நான் விட்டேன். வாசலைத் தாண்டும்போது டப்பா ஞாபகம் வந்தது. குச்சி சிதறினால் யார் அடி வாங்குவது? திரும்பிப்போய் அதை எடுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினேன். தம்பியை சித்தி பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெயின் ரோட்டில் நெடி எட்டாத தூரத்துக்குப் போய் நின்றோம். எல்லார் முகத்திலும் ஈரத்துணி, யார் யாரென்று தெரியவில்லை. சித்தி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பத்தொன்பது பேர்.

"இன்னிக்கு எத்தினி பேரு வந்தீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

டப்பாவைத் திறந்தேன். இரண்டு கட்டு, இரண்டு உதிரி. "இருவத்திரெண்டு சித்தி."

மனதுக்குள் என் வழியில் கழித்தேன். பதினேழு வந்தது. பதினேழு பேர் மாடியில் செத்துக் கிடக்கிறார்கள் என்று நம்பினேன். பயத்தில் கவுனிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன்.

சித்தி, "வாங்க, கணக்குப் போடலாம்" என்றாள். வகுப்பில் பேசுகிற அதே குரல். டப்பாவை வாங்கி, நடுரோட்டில் இரண்டு கட்டையும் பிரித்து ஆளுக்கொரு குச்சி கொடுத்தாள். எங்கே கீழே விழப்போகிறதோ என்று நான் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் கொடுத்தபின் அவள் கையில் மூன்று மிஞ்சியது. பதினேழு இல்லை, மூன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் அவுங்கம்மா படிக்கட்டுலயே இட்டுகினு போயிட்சு" என்றான் ஒரு பையன்.

சித்தி இரண்டு குச்சிகளை டப்பாவில் போட்டாள். மீதி ஒன்றைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"தம்பி எங்கடி?"

டப்பாவை என்னிடம் தள்ளிவிட்டு, இறங்கி வருகிற கூட்டத்துக்கு எதிராக அவள் ஓடினாள். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அழக்கூடப் பயமாக இருந்தது.

இடுப்பில் அவனோடு வந்தாள். கீழே விழுந்த துணியை மறுபடி நனைக்க அவன் வாளியைத் தேடிக் குளியலறைக்குப் போயிருக்கிறான். ரோட்டோரம் வாந்தி எடுத்துவிட்டு அழத் தொடங்கினான். சித்திக்கு இருமலில் பேச்சே வரவில்லை.

செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டுமென்று எல்லாரிடமும் குச்சிகளை வாங்கி டப்பாவில் போட்டு எண்ணினேன். இருபத்தொன்றுதான் இருந்தது. "ஒண்ணு கொறையுது சித்தி" என்றேன்.

அவள் வலது கையை மெல்ல விரித்தாள். குச்சி மூன்றாக ஒடிந்து, உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்திருந்தது.

எங்களை ஒரு குச்சிக்காக அடிக்கிறவள் தானே ஒடித்து வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒட்ச்சிட்டியே சித்தி, இப்ப கணக்கு எப்படி சரியா வரும்?" என்று கேட்டேன். தம்பியை இறக்காமலே அவள் மண்டியிட்டு, என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அவள் தோளுக்கு மேலாக டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.