சாவியை மறந்த சம்பந்தி

வெள்ளிக்கிழமை காலை 5.40-க்குத் திருச்சி தில்லை நகரிலிருந்து கிளம்பினேன். மதுரை ஆரப்பாளையம் வரை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். என் காரில் போனால் எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது.

கார் என்றால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட்டினால் தங்கமான பிள்ளை. நடக்கிற வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடத்தில் இருமும், பதினைந்தாவது நிமிடம் நின்றுவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்ட் என்று ஒரு ஜோடிச் சிறு உலோகத் துண்டுகள் உண்டு. இஞ்சின் சுழலச் சுழல அவை திறந்து மூடித்தான் பிளக்குக்குப் பொறி போகிறது. அதில் கரி பிடித்தால் பொறி போச்சு.

இந்தத் தடவை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டியாக வேண்டும். என் தம்பி செந்திலுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் மதுரை. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் அவர்கள் மொழிதான். காதல் கல்யாணம். பெண்ணின் அப்பா ஜெயராம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. மூன்று வருடம் எங்கள் போனையே எடுக்காதவர் கடைசியில் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். மாப்பிள்ளை அழைப்பு அவர் தெரு வழியாகத் திறந்த காரில் வர வேண்டும். ஒளித்து வைத்துக் கல்யாணம் செய்கிற மாதிரி இருந்தால் அவர் வர மாட்டார். எங்களுக்கு அப்பா, அம்மா இல்லை. சம்பந்தம் பேசப் போன நான், "என் கார் இருக்கே" என்று வாயை விட்டேன்.

வாயை விட்டபின் வெளிநாட்டிலிருந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை வரவழைத்தேன். பாயிண்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்தினால் தேய்மானம் இல்லை, கரி இல்லை. பார்சல் பதினெட்டு நாளில் வந்தது. அதைப் பொருத்தத் தெரிந்தவர் மதுரையில் இருக்கிறார் என்றார்கள்.

விராலிமலையில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர். இரண்டு பக்கமும் கருவேலம், நடுநடுவே தென்னந்தோப்பு, தூரத்தில் பாறைக் குன்றுகள். 8.50-க்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாட்ஜில் அறை எடுத்தேன், நாள் வாடகை 900. பாண்டியின் ஒர்க்‌ஷாப் அதே சந்தில் இருந்தது. அவர்கள் சொன்ன ஆட்டோ எலக்ட்ரீஷியன் இவர்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். நெல்லிக்காய் அளவு கருவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுதானாக்கா? இதுக்கா கடல் தாண்டிப் பார்சல்?"

"பொருத்த முடியுமா?"

"ரெண்டே வயரு. டீ ஆறுறதுக்குள்ள மாட்டிருவேன்."

மூன்று டீ ஆறியது. பொருத்தி முடித்து செல்ஃப் அடித்தால் இஞ்சின் பிடிக்கும், தும்மும், நிற்கும். பாண்டி வயர்களை இடம் மாற்றிப் பார்க்கவில்லை. அந்த மட்டும் நல்லவர், மாற்றியிருந்தால் கருவி அப்போதே போயிருக்கும். மீட்டரை வைத்து, பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பாயிண்ட்டைக் கழற்றும்போது, அதோடு சேர்ந்திருந்த விரல் நீள எர்த் வயரையும் அவரே கழற்றி வைத்திருந்தார்.

"தப்பு நம்ம பக்கந்தேன்" என்று சிரித்தபடி அதைத் திரும்ப முடுக்கினார். இஞ்சின் சீராக ஓடியது. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். இருமல்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் பசித்தது.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஜெயராம் லாட்ஜ் வாசலுக்கே வந்துவிட்டார். சாயங்காலம் ஊர்வலம், அதற்குமுன் அழகர்கோவிலில் கருப்பணசாமி வாசலில் வண்டிக்குப் பூஜை போட வேண்டுமாம். இருபத்தோரு கிலோமீட்டர், சோதனை ஓட்டத்துக்குச் சரியான தூரம். வழி முழுக்க அவர் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். அதில் ஒன்று, "காத்து நல்லா வருது."

பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதிக் கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டும்போது விளக்கு எரிய வேண்டும் என்றார் ஜெயராம். பெரியவர் கையால் நடக்கட்டும் என்று சாவியை அவரிடமே கொடுத்தேன். இந்தக் காரில் விளக்கு, ஹாரன் எல்லாமே சாவியைத் திருப்பினால்தான். அவர் சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டார், கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், விளக்கை அணைத்தார். பழங்கள் நசுங்க வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே பெருமாளைப் பார்க்கப் போனோம். திரும்பிவர ஐம்பது நிமிடம்.

வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, பொறி இல்லை. பாண்டிக்குப் போன் போட்டேன். "பழைய பாயிண்ட்ட எடுத்துட்டு வாரேன்க்கா, எதையும் தொடாதீங்க" என்றார்.

அவர் பைக்கில் வந்துசேரும் வரை நாற்பது நிமிடம் ஜெயராம் மதில் ஓரம் தனியாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் போனேன்.

"சாமி வாசல்ல வச்சு நின்னுருச்சேம்மா" என்றார். "எங்க அண்ணன் பத்திரிகையவே வாங்கல. இந்தக் கல்யாணம் விளங்காதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. அவரு வீட்டத் தாண்டித்தான் ஊர்வலம் போகணும். இப்ப சாமியே சொன்ன மாதிரில்ல ஆகிப்போச்சு."

மனிதர் மனசுக்குள் கல்யாணத்தைப் பாதி நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

பாண்டி வந்தார். பானட்டைத் தூக்கிக் காயிலைத் தொட்டவர் கையை உதறினார். "கொதிக்குது. இஞ்சின் ஓடாம சாவி ஆன்லயே இருந்திருக்கு. புதுசா மாட்டுனது வெந்துபோச்சு. யாரு விட்டது?"

அப்படி விடவே கூடாது என்று கருவியோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். படித்தவள் நான்தான். சம்பந்தியை எப்படிச் சொல்வது? "நான்தான் கவனிக்கல பாண்டி" என்றேன்.

"இல்ல இல்ல" என்றார் ஜெயராம். "நான் விட்டேன். விளக்க அமத்தினேன், சாவிய அமத்தல." பாண்டியின் தோளைப் பிடித்தார். "அப்ப இது சாமி வேல இல்லையே? என் வேலதான?"

"சத்தியமா உங்க வேலதேண்ணே."

ஜெயராம் சிரித்தார். தன் மேல் தப்பு என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. மதில் ஓர இளநீர்க் கடைக்காரரிடம் நாலு வெட்டச் சொன்னார், நாங்கள் மூன்றே பேர். பாண்டி பழைய பாயிண்ட்டைத் திரும்பப் பொருத்துவதைப் பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கரி பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். பாண்டி, ஜெயராமின் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையில் ஓரத்தைக் கிழித்து, பாயிண்ட் இடுக்கில் விட்டு இழுத்துக் காட்டினார். "இப்படி ரெண்டு தடவ. அம்புட்டுத்தேன்." ஜெயராம் தானே ஒருமுறை செய்து பார்த்தார். நாள் முழுக்க நூலும் துணியும் தொடுகிற விரல்கள், பாண்டியைவிட நிதானமாகச் செய்தன.

மாலை 6.30. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை 1.2 கிலோமீட்டர், மூன்று தெரு. முன்னால் நாதஸ்வரம், பக்கத்து இருக்கையில் பட்டு வேட்டியும் மாலையுமாகச் செந்தில். முதல் கியரிலேயே வண்டியை உருட்டினேன். முதல் தெரு தாண்டியது. இரண்டாவது தெருவில் ஆரத்தி எடுக்கிறவர்களுக்காக நிற்க வேண்டிவந்தது. அங்கே இஞ்சின் இருமி அணைந்தது. எந்த வீட்டு முன்னால் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடியிலும் வாசலிலும் ஆட்கள். ஜெயராமின் அண்ணன் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெயராம் திரும்பி வந்தார். அவசரப்படவில்லை. பானட்டைத் திறந்தார், மூடியைக் கழற்றினார், இடுப்பிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கிழித்தார். இரண்டு இழுப்பு. மூடியைப் பொருத்தினார்.

"அடிங்கம்மா செல்ஃப!"

முதல் சுற்றிலேயே பிடித்தது. தெரு கைதட்டியது. அண்ணன் கேட்டிலிருந்தபடி அவர்கள் மொழியில் என்னவோ கேட்க, ஜெயராம் கையைப் பட்டு அங்கவஸ்திரத்திலேயே துடைத்துக்கொண்டு என்னவோ பதில் சொன்னார். சுற்றிலும் சிரிப்பு. பெண்ணின் சித்தப்பா மகளிடம் பிறகு கேட்டேன். "எப்படா மெக்கானிக் ஆனே?" என்றாராம் அண்ணன். "இன்னைக்குக் காலைலதான். மாப்பிள்ளை வண்டியாச்சே" என்றாராம் இவர். தெரு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை என்னோடு பேசாமல், முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

ஞாயிறு முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. திங்கள் காலை 6 மணிக்கு லாட்ஜைக் காலி செய்தேன். திருச்சியில் இந்தக் கார் நடுத்தெருவில் நின்றால் சுற்றிவந்து படம் எடுப்பார்கள், பத்தடி தள்ளச் சொன்னால் அவசர வேலை வந்துவிடும். மதுரையில் பானட்டைத் திறந்தால் நாலு தலை உள்ளே இருக்கும், நாலும் நாலு விதமாகச் சொல்லும். இரண்டில் எது மேல் என்று மூன்று நாளில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வழியனுப்ப ஜெயராம் வந்திருந்தார். புதுக் கருவி ஒன்றை மறுபடி வரவழைக்கப்போகிறேன் என்றேன்.

"எதுக்கும்மா? பழசே கெடக்கட்டும்" என்றார். ஒரு கட்டுப் பத்திரிகையை, மிச்சமானது போலும், இருக்கையில் வைத்தார். "வழியில நின்னா போன் போடுங்க. எந்நேரம்னாலும் நான் வாரேன்."

மேலூர் தாண்டியது, கொட்டாம்பட்டி தாண்டியது, துவரங்குறிச்சியும் தாண்டியது. வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.