கண்ணைத் திறக்காத பூட்டுக்காரர்

காலை ஆறே காலுக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. "அம்மாடி, மாமா எந்திரிக்கல," என்றாள். பிறகு, "டீ ஆறிப் போச்சு," என்றாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. தெருவுக்கு அவர் பூட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, கடிகாரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரு பீரோவைப் படுக்க வைத்தால் நிரம்பிவிடுகிற இடம்தான் அவர் கடை. சாவி நகலெடுப்பார். சாவி தொலைந்த பூட்டைக் கம்பியால் திறந்து கொடுப்பார். திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பூட்டுக்குள் இருக்கிற குட்டி ஊசிகள் ஏறி நிற்பது காதுக்கும் விரலுக்கும்தான் தெரியுமாம், கண் நடுவில் புகுந்தால் குழப்புமாம். நாளாக ஆக அந்தப் பழக்கம் கடையைத் தாண்டி வீட்டுக்கும் வந்துவிட்டது. மனக்கணக்குப் போட்டால் கண்ணை மூடுவார். ரேடியோவில் செய்தி கேட்டால் மூடுவார். அத்தை திட்டும்போதும் மூடுவார். அது மட்டும் கவனத்தால் அல்ல என்பது அத்தையின் கட்சி.

ஊரில் உள்ள பூட்டெல்லாம் அவருக்குத் திறக்கும். அவருடைய பெட்டியோ ஊருக்கே திறக்கும். யாராவது வந்து மூக்கை உறிஞ்சினால் போதும், மாமாவின் கை சட்டைப் பைக்குப் போய்விடும். இந்தக் கையால் அடிபட்டது அத்தையின் முழங்கால். அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத் தளத்தில் ஒரு வீடு பிடிக்க முன்பணம் வேண்டும். இரண்டு முறை சேர்த்தார்கள். ஒரு முறை கடிகாரக்காரரின் மைத்துனர் தொழில் தொடங்கினார். மறுமுறை யாருடைய மைத்துனர் என்றே கடைசிவரை தெரியவில்லை. வங்கியில் இருவர் பேரிலும் ஒரு பழைய கணக்கு இருந்தது, ஆனால் அதன் ஏ.டி.எம். கடைக்கு எதிர்ச் சுவரிலேயே இருந்தது. கடன் கேட்பவர்கள் மாமாவின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பார்கள். பார்க்கிறவர்கள் என்ன மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் முறை சேரத் தொடங்கியதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஆன்லைன்ல சேமிப்புக் கணக்காமே, அது அவரு கைக்கு எட்டாதுல்ல?"

படித்துப் பார்த்துச் சொன்னேன். இந்தக் கணக்குக்கு அட்டை கிடையாது. பணம் வேண்டுமென்றால், இணைத்து வைத்த பழைய கணக்குக்கு அனுப்பி அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு நாளாவது ஆகும்.

"ஒரு நாள் போதும். வந்தவன் அதுக்குள்ள வேற ஏமாளியைப் பாத்துக்குவான்," என்றாள் அத்தை.

மாமா மசியவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாத பூட்டில் கை வைத்ததில்லை என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் விசாரணைக் கமிஷன்தான். விளம்பரத்தில் வட்டி கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் காலடியில், எறும்பு எழுத்தில், முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அத்தை, அதுவும் கண்ணாடி போடாமல். வட்டியை ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு மாதக் கடைசியில் சேர்ப்பார்கள், வங்கி நினைத்தால் விகிதத்தை மாற்றலாம் என்று நான் விளக்கினேன். வங்கியே மூழ்கிவிட்டால் என்று மாமா கேட்டார். ஒரு வரம்பு வரை காப்பீடு உண்டு, அதற்கு அந்த வங்கி அரசின் பட்டியலில் இருக்க வேண்டும் என்றேன். பட்டியலைத் தேடி எடுத்து, பெயரைப் பெரிதாக்கிக் காட்டினேன். நம்ம பணம் அந்த வரம்புக்குள்ள ஒரு மூலையில் ஒண்டிக்கிடும் என்றாள் அத்தை.

அதோடு விட்டாரா? வங்கியின் உதவி எண்ணுக்கு அவரே போன் போட்டார். கிளையே கிடையாது, எல்லாம் போனில்தான் என்றாள் பேசிய பெண்.

"அப்ப ராத்திரி யாருமா பூட்டுவாங்க?" என்றார் மாமா. அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது இங்கே கேட்டது. கடவுச்சொல்லை மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்புவோம், அதைப் போட்டுப் புதிது வைத்துக்கொள்ளலாம், அந்த எண்ணை எங்களுக்கே கூடச் சொல்லக் கூடாது என்றாள். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா அம்மாடி? கடவுச்சொல்லுங்கிறது சும்மா. போன்தான் சாவி."

அன்றிலிருந்து போனைச் சட்டையின் உள்பையில் போட்டு ஊக்குக் குத்திக்கொண்டார். அழைப்பு வந்தால் ஊக்கைக் கழற்றி எடுப்பதற்குள் நின்றுவிடும். மைத்துனர்களுக்கு முதல் அடி அப்போதே விழுந்தது.

புதுப் பூட்டை முதலில் வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழில் வழக்கம். எனவே முதல் கணக்கு அத்தையின் பேரில். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திறந்துவிட்டது. சில்லறையாக ஒரு தொகையை உள்ளே அனுப்பித் திரும்ப வரவழைத்தார். மறுநாள் குறையாமல் வந்து சேர்ந்தது. பிறகு சோதனைக்காக என்று சொல்லி, சேர்த்திருந்ததை எல்லாம் அத்தையின் கணக்குக்கு அனுப்பினார்.

அடுத்தது அவருடைய கணக்கு. எல்லா விவரங்களும் ஏறின. கடைசியாக, கண்களைத் திறந்து கேமராவைப் பார்க்கச் சொன்னது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார், மூச்சைப் பிடித்தார், முழுக் கவனத்தையும் கூட்டினார், கண்ணை மூடினார்.

முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயலவும் என்றது போன். ஜன்னலருகே உட்கார வைத்தேன். மூடினார். முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வந்து மூடினார். அத்தை என் பின்னால் வந்து நின்று திட்டத் தொடங்கினாள். அதோடு அன்றைய முயற்சி முடிந்தது.

சில நாள் கழித்துக் கடைக்குப் போயிருந்தேன். கடிகாரக்காரர் வந்து மூக்கை உறிஞ்சினார். மாமா ஊக்கைக் கழற்றிப் போனை எடுத்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு காட்டினார்.

"என்னண்ணே பண்றது, என் கணக்கு இன்னும் தொறக்கல. என் மூஞ்சியையே ஒத்துக்க மாட்டேங்குது. உள்ளதெல்லாம் அவ பேர்ல போயிடுச்சு. வேணும்னா மூணு மாடி ஏறி அவளையே கேட்டுப் பாருங்க."

கடிகாரக்காரர் மூன்று மாடியையும் அத்தையையும் சேர்த்து யோசித்தார். பிறகு வேலை இருக்கிறது என்று போய்விட்டார். வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், அந்தச் சொல்லை ஒரு முறைகூடச் சொல்லாமலே அனுப்பி வைத்துவிட்டார்.

"மாமா, இந்த ஞாயித்துக்கிழமை மாடி வெளிச்சத்துல உக்காந்து முடிச்சிடலாமா?" என்றேன்.

அவர் ஒரு பூட்டை மடியில் வைத்துக் கம்பியை நுழைத்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன அவசரம், அம்மாடி?" என்றார். வழக்கம்போல் கண் மூடியிருந்தது. ஆனால் ஒன்றுதான். மற்றது லேசாகத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாவின் காரியத்துக்கு, கடன் வாங்கிய மைத்துனர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மூன்று மாடி ஏறி வந்து உண்மையாகவே அழுதார்கள். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறு வாரம் அவள் தன் போனிலிருந்து பழைய கணக்குக்குப் பணத்தை அனுப்பி, ஒரு நாள் காத்திருந்து, தரைத் தளத்து வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். குடிபோய்விட்டாள். வாசலில் ஒற்றைப் படிகூட இல்லை.

மாமாவின் போன் ஊக்கோடு அவளிடம்தான் இருக்கிறது. வங்கியிலிருந்து இன்னும் செய்தி வருகிறது: உங்கள் கணக்கைத் திறக்க ஒரே ஒரு வேலைதான் மீதி, கண்களைத் திறந்து முகத்தைக் காட்டவும்.