சுவரோரம் வைக்கச் சொன்ன பெட்டி

போன வாரம் மகள் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் சத்தம் தரும் செட்டு. ஐந்து ஸ்பீக்கர், தரையை அதிர வைக்கிற பெரிய பெட்டி ஒன்று, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறதாம். ஊர் மாறிப் போவதால் அவசர விற்பனை. கடை விலையில் கால் பங்குதான் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. விற்கிறவருக்கு நானே செய்தி அனுப்பினேன். பில் இருக்கிறதா, அட்டைப்பெட்டி இருக்கிறதா, எந்த ஊருக்கு மாறுகிறீர்கள், அந்த ஊரில் கரண்ட் கிடையாதா, ஏன் கூடக் கொண்டுபோகவில்லை என்று வரிசையாகக் கேட்டேன். ஐந்தாவது கேள்வியில் அவர் என்னை பிளாக் செய்துவிட்டார். பார்த்தாயா, ஆள் திருடன்தான் என்று மகளிடம் சொன்னேன். உங்களிடம் விற்பதற்கு அவர் அதைக் குப்பையில் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சரி, போகட்டும். ஆனால் அந்தப் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்பீக்கரின் தலைமேல் வெள்ளை நூலில் பின்னிய உறை ஒன்று போட்டிருந்தார்கள், ஓரத்தில் குஞ்சம் வைத்து. இந்தக் காலத்தில் யார் ஸ்பீக்கருக்குச் சட்டை போடுகிறார்கள்? நான் அப்படி ஓர் உறையைக் கடைசியாகப் பார்த்து முப்பது வருஷம் இருக்கும். தூத்துக்குடியில், பிலோமி அக்கா பின்னியது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர் ஆற்றங்கரைப் பக்கம். வீட்டில் நெல் விவசாயம். நான் மட்டும் தப்பித்து வந்து துறைமுகத்தில் சரக்கு கிளியர் செய்து கொடுக்கிற ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை அது. காகிதத்தில் பருத்தி நூல் என்று இருக்கும், பெட்டியைத் திறந்தால் வேறு ஏதாவது இருக்கும். பழைய இரும்பு என்று வருவதில் புதுசு ஒளிந்திருக்கும். நாள் முழுக்க இதையே பார்த்துப் பார்த்து, சாயங்காலம் டீக்கடையில் வடையைக்கூடப் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன். இதை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

குடியிருந்தது கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு வளவில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே சுவர்தான், அதுவும் உப்புக்காற்றில் பொரிந்துபோன சுவர். முன்னால் முற்றம், பொதுக்குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் சூசை அண்ணாச்சியும் அவர் வீட்டுக்காரி பிலோமி அக்காவும் இருந்தார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. அண்ணாச்சி சங்கு குளிக்கப் போகிறவர், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிற வேலை. விடியற்காலையில் படகேறினால் மத்தியானத்துக்கு மேல்தான் கரை. கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

நான் குடிவந்த புதிதில் அவர்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு ஆரம்பித்துவிடும். சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, அக்கரையிலிருந்து வருகிற ரேடியோ, எல்லாம் உண்டு. முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டே அக்கா கூடவே பாடும். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் ஒரு வரி விடாது. நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு நாள் பாட்டு நின்றுவிட்டது. செட்டு ரிப்பேராகியிருக்கும் என்று நினைத்தேன். அக்கா பாடுவதும் நின்றதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து சூசை அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்றார். செட்டை எடுத்துக்கிடுதீயளா தம்பி என்று கேட்டார். கேசட் டெக், ரேடியோ, தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர். ஜப்பான் சாமான். நல்ல சங்கு கிடைத்த ஒரு வருஷத்தில் கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கியதாம். கடைத்தெருவில் அதன் விலை என் நான்கு மாதச் சம்பளம். அண்ணாச்சி கேட்டது ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை.

எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. சும்மா நூல் விட்டுப் பார்ப்போம் என்று அவர் சொன்னதில் பாதியைச் சொன்னேன். சரி என்றார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. நீங்களே சொல்லுங்கள், தூத்துக்குடியில் ஒரு மீனைக்கூட அப்படிக் கொடுப்பார்களா? இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அதற்கும் சரி. விலை இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது.

மறுநாள் ஆபீஸில் ஹெட்கிளார்க் பிச்சையா அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன். பில் இருக்கா என்றார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "ஏலே, நாம பாக்குதது கஸ்டம்ஸ் வேல. ஒன் ரூமுல தீர்வ கட்டாத கப்பல் சாமான் பிடிபட்டா ஆபீஸ் லைசென்ஸே போயிரும். மொதலாளி ஒன்ன வெளிய தள்ளிட்டுத்தான் மத்தத யோசிப்பாரு."

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் சம்மதித்தது என் முகத்தைப் பார்த்து இல்லை, ஹார்பர் வேலையைப் பார்த்து. வேலை போனால் கல்யாணமும் போகும், ஊரில் தலைகாட்ட முடியாது. அப்படியானால் வாங்காமல் விட்டிருக்க வேண்டியதுதானே? விட முடியவில்லை. வரப்போகிறவள் உள்ளே நுழைந்ததும் இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு வரவேண்டும் என்ற ஆசை. இப்படிப்பட்ட அசட்டு ஆசையெல்லாம் அந்த வயதில்தான் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோதனை போட்டேன். ஸ்பீக்கரின் பின்பலகையைக் கழற்றினேன், உள்ளே செங்கல் இருக்கிறதா என்று பார்க்க. எடைக்காகச் செங்கல் வைத்து விற்ற கதை ஹார்பரில் ஏராளம். அண்ணாச்சியே டார்ச் பிடித்தார். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. கேசட்டுகளை ஒரு பை நிறைய இனாமாகக் கொடுத்தார்; இனாம் என்றதும் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தேன், தங்கம் எதுவும் கலகலக்கிறதா என்று. பிறகு ஸ்க்ரூவைப் பார்த்தேன். தூத்துக்குடியில் எந்தச் சாமானுக்கும் வயதை ஸ்க்ரூ சொல்லிவிடும். ஒரு வருஷத்தில் துரு ஏறும், இரண்டாம் வருஷம் தலையே உதிரும். வாங்கி ஆறு வருஷம் என்கிறார், ஸ்க்ரூ எல்லாம் பளபள என்று இருக்கிறது. கேட்டால், பிலோமி வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பாள் என்றார். உண்மையாகவே பெட்டியில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. எவ்வளவு முன்யோசனையோடு பொய்யைத் தயார் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. நான் பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்க மாட்டார். என் வாயையே பார்ப்பார், வாயிலிருந்து ஏதோ விழப்போகிற மாதிரி. கள்ளத்தனம் உள்ளவன்தான் கண்ணைப் பார்க்க மாட்டான் என்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு.

செட்டைத் தூக்கிவந்து கொடுத்தபோது, வெள்ளை உறைகளைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்தச் செவரோரமா வைங்க தம்பி. இங்கன வச்சாத்தான் நல்லாருக்கும். சத்தமா வைங்க, எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல." இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அதாவது, புரிந்துபோயிற்று என்று நினைத்தேன். விற்றவனே சத்தமாக வை என்கிறான் என்றால், யார் காதுக்கோ அது போகவேண்டும் என்றுதானே அர்த்தம்? அவர் போனதும் செட்டை எதிர்ப்பக்கச் சுவருக்குத் தூக்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மேலே படுக்கை விரிப்பை இழுத்துவிட்டேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துத்தான் பாட்டுக் கேட்பேன். ஜப்பான் சாமானைக் கொசு பாடுகிற சத்தத்தில் கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை முற்றத்தில் மறித்து, பாட்டு வைக்கலியா தம்பி என்பார். வைக்கிறேனே என்பேன். இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கலாமே என்பார். ஒரு தடவை புது கேசட் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். விற்ற பொருளுக்கு விற்றவரே செலவு செய்கிறார்! நான் அன்று முதல் கேசட்டுகளைக்கூட ஆபீஸ் பையில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. கல்யாணம் நெருங்கியது. ஊருக்குப் பக்கத்தில் திருநெல்வேலியில் கிளை ஆபீஸ் ஒன்றில் இடம் கிடைத்து, நான் வீட்டைக் காலி செய்ய நான்கைந்து நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வாசலில் நின்று பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து, போறதுக்கு முன்னால ஒரு நாளாவது சத்தமா வைங்க தம்பி என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பாமலே கேட்டேன், என்னை யாரிடம் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்று. பதில் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு, வாயடைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். அவர் என் முதுகைப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நேருக்கு நேர் நின்று மறுபடியும் கேட்டேன், கத்தியே கேட்டேன். என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

என்னை வாசலுக்கு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். "எனக்குக் காது போயாச்சு தம்பி. அடியில போயிப் போயி ரெண்டும் செத்துப்போச்சு. படகுல சொல்லிராதீய, நாளைக்கே கரையில ஒக்கார வச்சிருவான்."

மீதியையும் அவரே சொன்னார். காது போனதை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். அன்றைக்கே செட்டை நிறுத்திவிட்டாள். அவருக்குக் கேட்காத பாட்டு தனக்கு எதற்கு என்று வெளியே சொல்லவில்லை. பாட்டுக் கேட்டால் தலைவலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இவரே போய்ப் போட்டாலும் எழுந்துவந்து அணைத்துவிடுவாளாம். பாட்டு இல்லாமல் அவள் ஒரு நாள் இருந்து இவர் பார்த்ததில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுக்கு விற்றார். பக்கத்து வீட்டுக்காரன் வைக்கிற பாட்டை அவள் எப்படி அணைக்க முடியும்?

"மூணு மாசமா தெனமும் ஆறு மணிக்கு அவ மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். "பாட்டு வந்தா அவ ஒதடு அசையும்லா. ஒரு நாளுகூட அசையல."

அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து செட்டை இழுத்தேன். இருவருமாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தோம். ஜன்னலைத் திறந்தேன். அவர் எடுத்துக் கொடுத்த கேசட்டைப் போட்டு, குமிழைத் திருகிக்கொண்டே போனேன். அண்ணாச்சி அவசரமாக வெளியே போய் முற்றத்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அக்கா குழாயடியில் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தது. பாட்டு வந்ததும் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி அரிவாள்மணையில் கை ஓடியது, இரண்டாவது வரியில் உதடு அசைந்தது. அண்ணாச்சி அந்த உதட்டைப் பார்த்துத் தன் முழங்காலில் தாளம் போட்டார். அவள் வாயிலிருந்து எடுத்துப் போடுகிற தாளம் என்பதால் பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தியே விழுந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான்கு சாயங்காலம் அப்படிப் பாட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் காலி செய்தேன்.

இன்றைக்கு அந்த வளவு இல்லை. இடித்துவிட்டு, கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சியும் அக்காவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரு வீட்டுப் பாட்டு இன்னொரு வீட்டுக்கும் சேர்த்து ஒலித்த சுவர்கள் எங்குமே இல்லை. அவரவர் காதில் அவரவர் பாட்டைச் செருகிக்கொண்டு போகிறோம். அந்தச் செட்டும் எப்போதோ பெல்ட் அறுந்து, பழைய சாமான்காரனிடம் போய்விட்டது.

ஆமாம், செட்டு என்னிடம்தான் இருந்தது. காலி செய்த அன்று வண்டியில் அதைத்தான் முதலில் ஏற்றினேன். அடுத்துக் குடிவருகிறவருக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணாச்சி கேட்கவும் இல்லை. விற்ற பொருளைக் கேட்கிறவர் இல்லை அவர். காசு கொடுத்து வாங்கியது என்று டெக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் யாரும் மறிக்கிறார்களா என்று திருநெல்வேலிவரை பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாளும் ஆறு மணி ஆகியிருக்கும். அண்ணாச்சி அக்காவின் முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்திருப்பார்.