குழிக்குள் கிடந்த எஸ்.என்.

போன வாரம் ஒரு நாள் காலையில் ஹனீபா பாய் அவசரமாக ஆள் விட்டுக் கூப்பிட்டார். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்ததே அவருடைய சோடா கம்பெனி. கோடை சீசனுக்குள் புது ஷெட் போட்டுவிட வேண்டும் என்று பின்பக்கம் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்.

குழியைச் சுற்றி ஒரே கூட்டம். புதையலா?

கோலி சோடா பாட்டில்கள்! அடுக்கி வைத்தது போல... ஒன்றுகூட உடையாமல்.

"எங்க அத்தா காலத்துச் சரக்கு சார். எழுத்துல மண்ணு அடைச்சுக் கெடக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

பாய் முகத்தில் பெருமை தாங்கவில்லை. கம்பெனியை ஆரம்பித்ததே அவருடைய அப்பா பீர் முகமது ராவுத்தர்தான். நாணயம் என்றால் கடைவீதியில் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

சோடா பாட்டிலில் எழுத்து எதற்கு என்கிறீர்களா? காலி பாட்டில் கம்பெனி மாறிப் போய்விடும். அதனால் முதலாளிகள் தங்கள் இனிஷியலைக் கண்ணாடியிலேயே வார்த்து வாங்குவார்கள்.

ஒன்றைக் கழுவினேன். கண்ணாடியும் பச்சை, எழுத்தும் பச்சை — ஒன்றும் புரியவில்லை. சாக்பீஸால் மேலாகத் தேய்த்தேன். புடைத்திருந்த எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

பி.எம். இல்லை. எஸ்.என்.

இன்னொன்றைத் தேய்த்தேன். அதுவும் எஸ்.என். அடுத்ததும் அதுவே.

பாய் பாட்டிலை வாங்கித் தானும் தேய்த்துப் பார்த்தார். எஸ்.என். என்றால் எஸ். நாச்சிமுத்து. ராவுத்தருக்குப் போட்டியாகச் சோடா போட்டவர். பாட்டில் போதாமல்தான் கம்பெனியை மூடினார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பாட்டிலெல்லாம் எங்கே போயின?... இதோ!

மண்வெட்டி பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார்.

"ஏலே, என்ன சிரிப்பு?" என்று சீறினார் பாய்.

"மண்ணைத் தள்ளி மூடிடுங்க பாய். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன் மெதுவாக.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்! அது அவங்க பொருளு. சாக்கை எடுங்கப்பா, வெரசா!"

நாச்சிமுத்துவின் மகன் சுப்பையா கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பாயே சாக்கைத் தூக்கிக்கொண்டார். துணைக்கு நான். நேரே கடைக்குள் போனார். மன்னவனூர் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே சாக்கை இறக்கினார்.

"எங்க எடத்துல புதைச்சிருந்துச்சுங்க. அத்தா இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கவே இல்ல. நீங்கதான் மன்னிக்கணும்."

சுப்பையா ஒரு பாட்டிலை எடுத்தார். அப்பாவின் எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாயின் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஆளுயர மதில். யாரும் ஏறிவிடாமல் இருக்க உச்சி நெடுகக் கண்ணாடிச் சில்லு.

"எங்கப்பா கட்டுனது. கிட்டப் போய்ப் பாருங்க பாய்."

எட்டிப் பார்த்தோம். பாசி பிடித்த சில்லு ஒன்றில் தெளிவாக — பி.எம்.

"உங்க காலி பாட்டிலு எங்க கைக்கு வந்தா அப்பா திருப்பித் தரமாட்டாரு. ஒடைச்சுருவாரு. உங்க அத்தாவாச்சும் சாமானை முழுசா வச்சிருந்தாரு!"

பாயின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! சுப்பையாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் அங்கேயே நின்று டீ குடித்துவிட்டு வந்தோம்.

திருடனைத் தடுக்கக் கட்டிய மதிலில் அத்தனையும் திருட்டுக் கண்ணாடி!