செல்மிரா மிஸ் சொன்ன சாட்சி

புவேர்த்தோ கரிதாத் துறைமுகத்தில் இறங்கி, செல்மிரா மிஸ் வீடு எங்கே என்று யாரைக் கேட்டாலும் முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்புறம்தான் வழி சொல்வார்கள். போலீஸ்காரரும் அப்படித்தான், கப்பலில் வாழைத்தார் ஏற்றுகிறவரும் அப்படித்தான். இரண்டு பேருமே அவளிடம் படித்தவர்கள்.

எங்கள் கல்லூரியில் எங்கள் துறை என்பதே மூன்று பேர்தான். மூவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். புது மாணவர்கள் வந்ததும் செல்மிரா எங்களை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள்: "ஒருத்தன் ஏன் திருடுறான்னு எலாதியோ சொல்லுவான். திருடினவனை சட்டம் என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லுவேன். அவன் உள்ள போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறதுன்னு நிதியா பார்த்துக்குவா."

எலாதியோ நான்தான். சமூகவியல் நடத்துகிறேன். செல்மிரா குற்றவியல் நீதி, நிதியா சமூகப்பணி.

செல்மிராவின் மாலை வகுப்பில் காக்கிச் சட்டையோடு வந்து உட்காரும் போலீஸ்காரர்கள் பாதி, துறைமுகத் தொழிலாளிகளின் வீட்டார் பாதி. சொந்தக் கூட்டத்தோடு சேர்ந்து உட்கார அவள் விட மாட்டாள். தலைமைக் காவலர் ஒஸ்வால்தோ பிக்காதோ பக்கத்தில் இறைச்சிப் பணியாரம் விற்கும் இனேத்தா அக்கா உட்கார்வாள். அக்காவுக்குச் சட்டச் சொற்கள் விளங்காதபோது ஒஸ்வால்தோதான் மெதுவாக விளக்குவான். வகுப்பிலேயே முதல் மாணவன். அவன் விடைத்தாளை எங்களிடம் காட்டி, "படிச்சுப் பாருங்க, வயித்தெரிச்சல் படுங்க" என்பாள் செல்மிரா.

ஒஸ்வால்தோ படித்த அந்த வருடம் மழைக்காலத்தில் துறைமுகக் கிடங்கு ஒன்றை உடைத்துச் சரக்கைத் திருடிவிட்டார்கள். இனேத்தா அக்காவின் மகன் லின்ஃபோர்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் ரயிலடிக் காவல் நிலையத்தின் முன்னால் தெருவே திரண்டுவிட்டது. உள்ளே அடிக்கிறார்கள் என்று பேச்சு. கல் பறக்க ஆரம்பித்தது. போலீஸ் கதவைச் சாத்திக்கொண்டு துப்பாக்கியோடு ஜன்னலில் நின்றது.

செல்மிரா குடையைக்கூட எடுக்காமல் நிலையத்துக்குக் கிளம்பினாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். கூட்டம் அவளுக்கு வழி விட்டது.

"மிஸ், போகாதீங்க, சுட்டுருவானுங்க!"

"என்கிட்ட படிச்ச பயலுகதானே? சுடட்டும், பார்க்கிறேன்."

கதவும் திறந்தது. அவளோடு இனேத்தா அக்காவையும் எங்களையும் உள்ளே விட்டார்கள். லின்ஃபோர்ட் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தான். வலது கை வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. மேஜைக்குப் பின்னால் ஒஸ்வால்தோ.

"என்னடா ஆச்சு இவனுக்கு?"

"விழுந்துட்டான் மிஸ்."

"எங்கேருந்து?"

"படிக்கட்டுலேருந்து."

செல்மிரா சுற்றிலும் பார்த்தாள். "இந்தக் கட்டடத்துல படிக்கட்டு எங்கடா இருக்கு?"

ஒஸ்வால்தோ தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க மிஸ். அவன் என் அம்மாவைத் திட்டினான். தடியை ஓங்கிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. நீயே தூக்கு. எல்லாரும் பார்க்கட்டும்."

தூக்கினான். வாசலில் லின்ஃபோர்டின் முனகல் கேட்டுக் கூட்டம் பாய்ந்தபோது, முன்னால் நடந்த செல்மிரா இரண்டு கையையும் விரித்தாள். "இவன் செஞ்சதுக்குக் கோர்ட்டு இருக்கு. நான் வந்து சாட்சி சொல்றேன். இப்ப வழி விடுங்க." நெற்றியில் ஒரு கல் பட்டு ரத்தம் வழிந்தது. துடைக்காமலே நடந்தாள்.

ஊர் அதை நம்பவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மாணவனை அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்றார்கள். போலீஸ்காரர்களும் அதையேதான் நம்பியிருந்தார்கள். அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

ஒஸ்வால்தோவின் வக்கீல் கேட்டார்: "இவர் உங்க மாணவர்தானே? என்ன மார்க் போட்டீங்க?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு."

"அப்ப நல்ல மனுஷன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கை ஓங்கக்கூடாதுன்னு அவனுக்கும் தெரியும். தெரியாதவன் அடிச்சிருந்தா பாதித் தப்பு என்னோடதுன்னு சொல்லியிருப்பேன்."

கூண்டிலிருந்து இறங்கிய பிறகு வராந்தாவில் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்த அளவுக்கு அவள் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஒஸ்வால்தோ சிறைக்குப் போகவில்லை, நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். வேலை போயிற்று. லின்ஃபோர்டின் மேல் போட்ட திருட்டு வழக்கு நிற்கவில்லை. நிதியா இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள். ஒரு வீட்டில் உடைந்த கை, இன்னொரு வீட்டில் கைக்குழந்தை. "எந்தப் பக்கம்டி நீ?" என்று ஒஸ்வால்தோவின் மாமியார் கதவருகே நின்று கேட்டாளாம். "பசிக்கிற பக்கம்," என்று சொல்லிவிட்டு நிதியா குழந்தையைத் தூக்கிக்கொண்டாளாம்.

மாலை வகுப்பில் காக்கிச் சட்டை ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. முதல்வர் கூப்பிட்டு, வகுப்பை மூடிவிடலாமா என்றார். "நாற்காலி இருக்குல்ல? இருக்கட்டும்," என்றாள் செல்மிரா. பாதி அறை காலியாகவே அந்த வருடம் முழுக்கப் பாடம் நடத்தினாள். குரலை ஒரு பொட்டுக்கூடக் குறைக்கவில்லை. என் வகுப்புவரை கேட்கும்.

அடுத்த வருடம் மார்லேனி என்ற இளம் பெண் காவலர் வாசலில் வந்து நின்றாள்.

"உன்னை அனுப்பினாங்களா?"

"போகக்கூடாதுன்னு சொன்னாங்க மிஸ். அப்படி என்னதான் சொல்லித் தர்றீங்கன்னு பார்க்க வந்தேன்."

"இனேத்தா அக்கா பக்கத்துல உட்காரு."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

மார்லேனிக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். இன்று ரயிலடி நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. பிடித்து வருகிற யாரானாலும் முதலில் ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்தாக வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். ஒஸ்வால்தோ மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறான். செல்மிராவோடு பேசுவதில்லை. ஆனால் போன கல்விப் பருவத்தில் தம்பியைக் கூட்டிவந்து கல்லூரியில் சேர்த்துவிட்டுப் போனான்.

"எந்தப் பாடம்?" என்று கேட்டேன்.

"குற்றவியல் நீதி," என்றான். "வேற எதைச் சேர்ப்பேன் சார்?"