அத்தை கழுவிய எண்ணெய்க் கறை

செம்பனை எண்ணெய் சூடான இரும்பின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து கருகும்போது எழுகின்ற நெடியில், அடுப்பில் தீய்ந்துபோன பலகாரத்தின் மணமும் கொல்லன் பட்டறைப் புகையும் கலந்திருக்கும். சப்பானியர் சிங்கப்பூரை ஆண்ட காலத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் அந்நெடி நாள் முழுவதும் தங்கியிருந்தது. அப்பாவின் பழைய லாரி அங்கேதான் நிற்கும். எஞ்சினுக்குரிய எண்ணெய் எங்கும் கிடைக்காமற் போகவே, ஓட்டுநர் பலரும் செம்பனை எண்ணெயைக் காய்ச்சி வடித்து ஊற்றிவந்தனர். எங்கள் லாரியோ ஊற்றியதில் பாதியைத் தரைக்கே கொடுத்துவிடும்.

சுவா சூ காங்கில் சீனர் தோட்டங்களில் விளைந்த மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தேக்காச் சந்தைக்கு ஏற்றிவருவது அப்பாவின் தொழில். எனக்கு நினைவு தெரியுமுன்னரே அம்மா காலமாகிவிட்டதால், அப்பாவின் தமக்கையாகிய அத்தையே வீட்டை நடத்திவந்தார்.

ஒருநாள் வண்டிகளைப் பார்வையிடப் படைவீரர் சிலர் சந்துக்குள் வந்தனர். நல்ல நிலையிலுள்ள லாரிகளை ஓட்டுநரோடு சேர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே இருப்புப்பாதை வேலைக்குப் போனவர்களில் எங்கள் சந்துக்குத் திரும்பியவர் எவருமில்லை. படைவீரரின் தலைவன் எங்கள் லாரிக்கு அடியில் தேங்கியிருந்த கரிய குட்டையைப் பார்த்தான். காலணியில் ஒட்டிய எண்ணெயைத் தரையில் தேய்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அன்று அப்பாவைக் காப்பாற்றியது அந்த ஒழுக்குதான். ஆயினும், அதே ஒழுக்கு எஞ்சினை வறளச் செய்து இறுக வைத்துவிட்டால், வேலையற்ற ஆள் என்று சொல்லி அவரை வண்டியில்லாமலே பிடித்துப் போவார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஒழுகறதை நிறுத்தியாகணும்க்கா. ஆனா ஒழுகாத மாதிரி தெரியவும் கூடாது."

"சூடு தலைக்கேறிடுச்சு உனக்கு. மோர் இல்லாத காலத்துல இதுக்கு நான் என்னத்தடா ஊத்துவேன்" என்றார் அத்தை.

சந்திலிருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் எஞ்சினின் பின்புற அடிப்பகுதிதான் போய்விட்டது, எஞ்சினையே இறக்கினாலன்றித் தீராது என்று தீர்ப்புக் கூறியிருந்தனர். எண்ணெய் சொட்டியதும் அங்கிருந்துதான். அப்பா அதை ஏற்கவில்லை. "சொட்டுற இடத்தை எல்லாரும் பாக்குறான். கசியிற இடம் வேற எங்கயோ இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே, பல்லாண்டு அழுக்கைக் கந்தைத் துணியால் ஒரு பகல் முழுவதும் துடைத்தெடுத்தார். பின்னர், அரிசி மாவு கிடைக்காத காரணத்தால் அத்தை வெண்கல்லை இடித்து வைத்திருந்த கோலப்பொடியைக் கேளாமலே எடுத்துவந்து, துடைத்த இரும்பின்மேல் மெல்லிதாகத் தூவினார்.

மேல்மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் "கிராணியார்", ஆங்கிலேயர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்து வேலையிழந்தவர், படியிறங்கி வந்து அந்தக் கோலத்தைக் கண்டார்.

"என்ன, எஞ்சினுக்கும் தீட்சை குடுத்துப் போட்டீரோ?"

"கொஞ்சம் பொறுங்க கிராணியாரே. சாமியார் இப்பக் கண்ணீர் விடுவாரு."

எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். வெண்பொடியின் மீது, கீழேயன்று, மேலேயுள்ள வால்வு மூடியின் பின்மூலையில் கரிய புள்ளியொன்று தோன்றியது. அது நூலாக நீண்டு, எஞ்சினின் முதுகைப் பற்றி இறங்கி, எல்லாரும் பழித்த அந்த அடிப்பகுதிக்கு வந்து துளியாகித் தொங்கியது. மூடியைக் கழற்றியபோது, அதற்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெய் கசியாமல் காக்க வேண்டிய தக்கைப் பட்டை, "கேஸ்கட்" என்று அவர்கள் சொல்வது, காய்ந்த அப்பளமாய் உடைந்து உதிர்ந்தது.

புதிய தக்கைக்கு எங்கே போவது? கிராணியார் மேலே போய், அலுவலகத்துக்கு அணிந்து சென்ற வெள்ளைத் தொப்பியைக் கொண்டுவந்தார். அதன் துணிக்கு உட்புறம் முழுவதும் தக்கை.

"உது இனி ஆருக்கு? தொப்பியோட நிண்டால், சப்பான்காரர் கும்பிடேல்லையெண்டு அறையிறாங்கள். வெட்டும்."

"வெள்ளைக்காரன் திரும்பி வந்து, தொப்பி எங்கன்னு கேட்டா?"

"சுவா சூ காங்குக்குக் கிழங்கு ஏத்தப் போட்டுது எண்டு சொல்லுவன்."

அப்பா துணியை உரித்து, தக்கையை நீரில் ஊறவைத்துத் தட்டையாக்கி, துண்டு துண்டாக வெட்டி, மரச்சாமானுக்கு மெருகிடும் அரக்கால் ஒட்டி மூடியின் அளவுக்கு இணைத்தார். திருகுகளை மிகையாக முறுக்கினால் தக்கை பிதுங்கிவிடும் என்பதால், மூச்சை அடக்கிக்கொண்டு மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஒழுக்கு நின்றது. நின்றதும், துடைத்தெடுத்த அழுக்கு முழுவதையும் இரு கைகளாலும் அள்ளி எஞ்சினின்மேல் மீண்டும் பூசினார். அதுமுதல், லாரியைக் கொண்டுவந்து நிறுத்துந்தோறும், பழைய எண்ணெயைப் பால் டின்னிலிருந்து அதன் அடியில் ஊற்றிவைப்பது வழக்கமாயிற்று.

அந்த ஏற்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பகை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வாசல் கழுவிக் கோலமிடாமல் அத்தை நீர்கூட அருந்தமாட்டார். அப்பா ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் லோரி நிக்கிற இடத்தை விட்டுடுக்கா."

"சப்பான்காரன் ஊரு பேர மாத்தினான். காசை மாத்தினான். கடிகாரத்தையும் அவன் ஊரு நேரத்துக்கு மாத்தினான். என் வெள்ளிக்கிழமையை மாத்த அவன் யாருடா?"

பெரும்பாலும் லாரி வெளியே போயிருக்கும் நேரத்தில் அத்தை கழுவுவார். அப்பா திரும்பிவந்து ஊற்றுவார். இருவர் எதிர்ப்பும் ஒரே தரையில் முறைவைத்து நடந்தது. ஆனால் ஒரு வெள்ளியன்று தோட்டத்தில் சரக்கு இல்லாமையால் லாரி வாசலிலேயே நின்றது. அப்பா உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை லாரிக்கு அடியில் துடைப்பத்தை நீட்டி, எண்ணெயைச் சாம்பலிட்டுத் தேய்த்து, கந்தையில் ஒற்றி வாளியில் பிழிந்து, தரையை வெண்கலத் தட்டாக்கி முடித்தபோது, சந்தின் முனையில் படைவீரர் திரும்பினர்.

ஓசை கேட்டு வெளியே வந்த அப்பா முதலில் தரையைத்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எல்லாரும் குனிந்து வணங்கினோம். தலைவன் லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். ஈரத் தரையில் ஒரு துளியும் இல்லை. அவன் ஏதோ சொல்ல, உடன் வந்த துபாசி மலாய்மொழியில், லாரி பழுது தீர்ந்துவிட்டதா என்று கேட்டான்.

அத்தை நிமிர்ந்தார். "லோரி பூசோக், துவான். ஹாரி-ஹாரி மினியாக்" என்றார். நாற்றம் பிடித்த லாரி, ஐயா, நாள்தோறும் எண்ணெய் என்பது அதன் பொருள். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கி, தாம் அப்போதுதான் கழுவி முடித்த வாசலில், அவன் கால்மாட்டிலேயே கவிழ்த்தார். கரிய குழம்பு அவன் காலணிகளை நனைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் பரவியது.

அத்தையின் கன்னத்தில் அறை விழுந்தது. இரண்டாவது அறையும் விழுந்தது. அவர் ஓரடியும் பின்வாங்கவில்லை; அழவுமில்லை. தலைவன் காலணிகளைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், கையை வீசி வேண்டாம் என்று காட்டிவிட்டு நடந்தான்.

அவர்கள் சந்தின் முனையைக் கடந்ததும் அப்பா, "அக்கா, உள்ள வாக்கா" என்றார்.

அத்தை வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். "பொழுது இருக்கு. வெள்ளிக்கிழமை இன்னும் முடியலை" என்றார். மறுபடியும் கழுவினார், கோலமும் இட்டார். அந்தக் கோலத்தின் ஓரத்தில் அப்பா டின்னைச் சாய்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று அந்தச் சந்து இல்லை. வீடுகள் நின்ற இடத்தில் உயர்ந்த கட்டடமொன்று நிற்கிறது. அதன் தரையை எந்திரம் துடைக்கிறது. வாசல் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே எவருக்கும் உரியதாக இல்லை. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்க வரும் இளைஞர்கள், நாங்கள் எவ்வாறு அஞ்சினோம் என்பதையே கேட்கின்றனர். அஞ்சினோம், உண்மைதான். ஆனால் அப்பாவை அவர்களால் கொண்டுபோக முடியவில்லை. முடியெல்லாம் நரைத்து, பேரப்பிள்ளைகளோடு சண்டையிட்டு, கறியில் உப்பில்லை என்று குறைசொல்லி, அவர் தம் சொந்தக் கட்டிலில், எங்கள் நடுவில் இறந்தார். சயாமின் காட்டில் அவருக்கென்று ஒரு குழி காத்திருந்திருக்குமாயின், அது வெறுங்குழியாகவே தூர்ந்து போயிருக்கும்.